பெரிய கம்பெனி வந்தால் ஊருக்கு நல்லதுதானே?

ஓமலூர் பக்கத்துத் தம்பி ஒருவர், பொறியியல் கடைசி வருடம் படிப்பவர், கேட்டிருந்தார்: "கார்ப்பரேட் ஆதிக்கம் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். ஆனால் பெரிய கம்பெனி வந்தால்தான் வேலை வருகிறது, ரோடு வருகிறது, பி.எஃப். பிடிக்கிறார்கள். சேலத்தில் அப்படி என்ன கெட்டுப்போய்விட்டது? கோஷம் இல்லாமல் விளக்க முடியுமா?"

கோஷம் எனக்கு வரவும் வராது. இருபத்தெட்டு வருடமாகச் சேலத்தில் கணக்கும் வரியும் பார்க்கிறவன் நான். ஜவ்வரிசி செய்யும் சேகோ மில், லேத் பட்டறை, செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக்கொலுசு வியாபாரம், ஏற்காட்டில் ரெண்டு ஏக்கர் காபி வைத்திருக்கும் குடும்பம் என்று இவர்களுடைய பேரேடுகள்தான் நான் படித்த பொருளாதாரம். அதற்குள் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், தம்பி சொன்னதில் உண்மை இருக்கிறது. சின்ன முதலாளி என்றால் நல்லவர், பெரிய கம்பெனி என்றால் கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். இருபது பேர் வேலை பார்த்தால் பி.எஃப். கட்டாயம் என்பதால் இருபதாவது ஆளை ரெஜிஸ்டரில் ஏற்றாமலே வருடக்கணக்காக ஓட்டும் பட்டறைகளை எனக்குத் தெரியும். எழுதிக்கொடுக்கச் சொல்லி என்னிடமே கேட்டிருக்கிறார்கள், மறுத்து இரண்டு கட்சிக்காரர்களை, அதாவது என்னிடம் கணக்குப் பார்க்க வந்தவர்களை, இழந்தும் இருக்கிறேன். பெரிய ஆலையில் சம்பளச் சீட்டு உண்டு, ஓவர்டைம் கணக்கு உண்டு, அடிபட்டால் ஆஸ்பத்திரி உண்டு. அதை இல்லை என்று சொல்கிறவர் ஆலைக்குள் போகாதவர்.

அப்புறம் ஆதிக்கம் எங்கே இருக்கிறது? லாபத்தை வைத்தோ கட்டடத்தின் உயரத்தை வைத்தோ அதை அளக்க முடியாது என்பது என் அனுபவம். எந்தக் கொடுக்கல் வாங்கலிலும் ஒன்றை மட்டும் பாருங்கள்: இந்த இரண்டு பேரில் யாரால் காத்திருக்க முடியும்? முடிந்தவர் சொல்வதுதான் விலை, அவர் சொல்வதுதான் தவணை.

ஆத்தூர்ப் பக்கம் ஒரு கிழங்கு மில் வாசலுக்கு வாருங்கள். குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, மண்ணுக்குள் இருக்கும்வரை விவசாயி ராஜா. பத்து மாதத்தில் எடுக்கலாம், விலை சரியில்லையென்றால் இன்னும் கொஞ்ச நாள் விட்டுவைக்கலாம். பிடுங்கி லாரியில் ஏற்றிவிட்டால் கதை மாறிவிடும். ரெண்டு மூன்று நாளில் உள்ளே நீலக்கோடு ஓடிக் கறுத்துவிடும், மாவும் குறையும். மில்லில் மாதிரி எடுத்து மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்து, பாயிண்டுக்கு இவ்வளவு என்று விலை போடுவார்கள். வீட்டில் இருபத்தெட்டு என்று நினைத்து ஏற்றிய லோடு வாசலில் இருபத்தைந்து ஆகிவிடும். தராசும் அவர்களுடையது, அளவும் அவர்களுடையது. திருப்பிக் கொண்டுபோகலாமா? லாரி வாடகை, இறக்குக்கூலி, பிடுங்கின ஆட்களின் சம்பளம், அதற்குள் நாளையும் வந்துவிடும். "சரி, போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய் உட்கார்ந்தவர்களை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

இந்த மில்காரர் கார்ப்பரேட் இல்லை. மில்லை அடகு வைத்துக் கடன் வாங்கியவர். அவர் ஜவ்வரிசியைக் காயவைத்து மூட்டை பிடித்ததும் அவருடைய முறை வருகிறது. சேலம் ஜவ்வரிசியில் பெரும்பகுதி மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம் என்று விரத நாளில் கிச்சடி செய்கிற ஊர்களுக்குப் போகிறது. அங்கே வாங்குகிறவர்கள் பெரிய கைகள். கரண்ட் பில், வங்கி வட்டி, அடுத்த லோடு கிழங்குக்குப் பணம் எல்லாம் மில்காரரைத் துரத்தும். வாங்குகிறவருக்கு எந்த அவசரமும் இல்லை. முன்னே வாங்குகிறவர்கள் கேட்ட விலைக்குக் கொடுத்துத்தான் மில்காரர்கள் பிழைத்தார்கள்.

1981இல் மில்காரர்களின் சேகோசர்வ் கூட்டுறவு சங்கம் வந்தது இந்த இடத்தில்தான். சரக்கைக் கிடங்கில் வை, அதன் பேரில் முன்பணம் வாங்கிக்கொள், டெண்டரில் யார் அதிக விலை சொல்கிறாரோ அவருக்கு விற்போம் என்றது. கவனியுங்கள், யாரையும் நல்லவராகத் திருத்தவில்லை, யாரையும் தண்டிக்கவில்லை. மில்காரரால் கொஞ்ச நாள் காத்திருக்க முடிந்தது, அவ்வளவுதான். சங்கத்தைப் பற்றி மில்காரர்களுக்கு ஆயிரம் குறை உண்டு, வெளியே தனியாக விற்பதும் நடக்கிறது. ஆனால் அந்தக் கிடங்கு இல்லாத காலத்துக்குத் திரும்பிப் போக யாரும் தயாராக இல்லை. கிழங்கு போட்டவருக்கு அப்படி ஒரு கிடங்கு இன்றுவரை இல்லை. கிழங்கை அடுக்கி வைக்க முடியாதே.

இனி பெரிய கம்பெனிக்கு வருகிறேன். என் கட்சிக்காரர் ஒருவர், பெயர் வேண்டாம், சேலத்தில் சிட்கோ தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருக்கிறார். பதினான்கு பேர். ஒரு பெரிய நிறுவனத்துக்கு இயந்திர பாகங்கள் கடைந்து கொடுக்கிறார், அதற்கும் பெயர் வேண்டாம். வருடத்துக்கு 1 கோடியே 20 லட்சம் ரூபாய்க்கு பில் போடுகிறார். 2006ஆம் ஆண்டு சிறுதொழில் சட்டப்படி 45 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. படிக்கவே குளிர்ச்சியாக இருக்கிறது இல்லையா? பணம் வருவது 120 நாளில்.

எப்படி என்று கேட்டால், நாள் எண்ணத் தொடங்குவது பில் தேதியில் இருந்து இல்லை, சரக்கை ஏற்றுக்கொண்ட தேதியில் இருந்து. சரக்கு கேட்டுக்குள் போய்விடும். ஜி.ஆர்.என். என்று ஒரு சீட்டு, சரக்கு வந்து சேர்ந்தது என்று, அது போடப்படாது. "இன்ஸ்பெக்‌ஷன் முடியலைங்க", "சிஸ்டம் டவுன்", "அவர் லீவு". பதினைந்து நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகத்தான் அர்த்தம் என்று சட்டம் சொல்கிறது. அதை அங்கே போய் யார் சொல்வது? சொன்னால் அடுத்த ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போகும்.

இதன் விலையைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 45 நாளுக்குப் பதில் 120 நாள் என்றால், கூடுதல் 75 நாள் பில், ஏறக்குறைய 25 லட்சம் ரூபாய், எப்போதும் வெளியே நிற்கும். அதை ஈடுகட்ட அவர் வங்கியில் ஓ.டி., அதாவது கணக்கில் இருப்பதற்கு மேல் கடனாக, எடுக்கிறார். 12 சதவீதம் என்றால் வருடத்துக்கு 3 லட்சம் வட்டி. அதாவது சேலத்துப் பட்டறைக்காரர் அந்த நிறுவனத்துக்கு 25 லட்சம் வட்டியில்லாக் கடன் கொடுத்துவிட்டு, அதற்கான வட்டியைத் தானே கட்டுகிறார். இது போதாதென்று ஜி.எஸ்.டி. பத்து லட்சத்துக்கு பில் போட்டால், 18 சதவீதம் என்றால், 1 லட்சத்து 80 ஆயிரத்தை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும், பணம் வந்ததா வரவில்லையா என்று அரசாங்கம் கேட்காது. அந்த நிறுவனம் தன் லாபத்தில் 2 சதவீதத்தைச் சட்டப்படி சமூகப் பொறுப்புக்குச் செலவு செய்கிறது. பட்டறைக்காரரின் மகள் படிக்கும் பள்ளியில் அவர்கள் கட்டிக்கொடுத்த கழிப்பறை இருக்கிறது, வாசலில் பலகையோடு. நல்ல கழிப்பறைதான், நானே பார்த்தேன்.

2023-24 கணக்கு ஆண்டில் இருந்து ஒரு மாற்றம் வந்தது. குறு, சிறு தொழில்களுக்குத் தர வேண்டியதைக் கெடுவுக்குள் கொடுக்காவிட்டால், கொடுக்கிற வருடம் வரை அதைச் செலவாகக் காட்டி வரி குறைக்க முடியாது என்றது வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு. சாமர்த்தியமான யோசனை, வட்டிக்குப் பயப்படாதவர்களும் வரிக்குப் பயப்படுவார்கள். அந்த மார்ச் மாதத்தில் என் கட்சிக்காரர்கள் சிலருக்கு எப்போதும் வராத பணம் கடைசி வாரத்தில் வந்து சேர்ந்தது. வேறு சிலருக்கு, சிறுதொழில் என்று அரசிடம் செய்யும் உத்யம் பதிவைப் பற்றி போன் வந்தது: "உத்யம் பதிவை ரத்து பண்ணிடுங்களேன், இல்லையென்றால் பதிவில்லாதவங்ககிட்டதான் வாங்கணும்னு மேலே சொல்றாங்க." ஒருவர் ரத்தும் செய்தார். நான் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். "சார், நீங்க சட்டம் சொல்றீங்க, நான் பதினாலு பேருக்குச் சனிக்கிழமை சம்பளம் சொல்லணும்" என்றார்.

கம்பெனி என்ற அமைப்பிலேயே இந்தச் சாய்வு இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். வரையறுத்த பொறுப்பு என்பது அருமையான கண்டுபிடிப்பு. கம்பெனி திவாலானால் பங்குதாரர் போட்ட பணத்தோடு சரி, வீட்டை யாரும் தொட முடியாது. ஆனால் என் கட்சிக்காரர் பிரைவேட் லிமிடெட் ஆரம்பித்து வங்கிக்குப் போனால் மேனேஜர் முதலில் கேட்பது சொந்த ஜாமீன், வீட்டுப் பத்திரம், மனைவியின் கையெழுத்து. பெரிய நிறுவனத்தின் பங்குதாரருக்குக் கிடைக்கிற பாதுகாப்பு சின்னவருக்குப் பெயர்ப்பலகையில் மட்டும்தான். எதிர்ப்பக்கம் பெரிய நிறுவனம் கவிழ்ந்தால் என்ன ஆகும்? 2016 திவால் சட்டத்தின் வரிசையில் ஈடு வைத்திருக்கும் வங்கிகளும் தொழிலாளர் பாக்கியும் மேலே, சரக்கு கொடுத்தவர் வெகு கீழே. என்னிடம் கணக்கு வைத்திருந்த ஒருவருக்கு அப்படி ஒரு விவகாரத்தில் பத்து ரூபாய்க்கு ஒரு ரூபாய்கூடத் தேறவில்லை. அவர் பட்டறையை மூடி மகனோடு கோயம்புத்தூர் போய்விட்டார்.

இதெல்லாம் தாராளமயத்துக்குப் பிறகு வந்தது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. சேலத்தை ஒரு கம்பெனியே ஆண்டிருக்கிறது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் திப்பு சுல்தான் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கமான பாராமகாலையும் சேலத்தையும் விட்டுக்கொடுத்தது லண்டனில் பங்குதாரர்களும் டைரக்டர்களும் கொண்ட கிழக்கிந்தியக் கம்பெனிக்கு. வரி போட வந்த அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் கம்பெனிச் சம்பளக்காரர்கள். தறிக்காரருக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, அந்தத் துணியை வேறு யாருக்கும் விற்கக்கூடாது என்று கட்டிப்போட்டதும் கம்பெனி முறைதான். நெசவாளருக்கு இன்றைக்கு நூல் வேண்டும், இன்றைக்கு அரிசி வேண்டும். கம்பெனிக் கப்பலுக்கு அப்படி அவசரமில்லை.

அதே கம்பெனியின் ஊழியராக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் சேலத்து இரும்புத்தாதைக் கண்டு மயங்கி, வேலையை விட்டு, தனி உரிமையும் கடனும் வாங்கி 1830இல் பரங்கிப்பேட்டையில் உருக்காலை போட்டார். தாது நம்மூரது, கரி நம்மூர்க் காட்டு மரம். ஊருக்கு ஊர் சின்ன உலையில் இரும்பு எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தனி உரிமையும் இல்லை, கடனும் இல்லை. அப்படியும் ஆலை தேறவில்லை. ஹீத்தின் முடிவுதான் வேடிக்கை. எஃகில் மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்கு 1839இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு ஆலைக்காரர்கள் அதைச் சின்ன மாற்றத்தோடு பயன்படுத்திக்கொண்டு உரிமைத்தொகை தர மறுத்தார்கள். வழக்கு நடந்துகொண்டே இருந்தது, 1851இல் ஹீத் இறந்தும் போனார். சேலத்தில் யாரையும் காக்கவைக்க முடிந்த அந்த மனிதரை ஷெஃபீல்டில் காக்கவைத்தே முடித்துவிட்டார்கள்.

மலைக்குப் போவோம். ஏற்காட்டில் காபி, 1820களில் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் கொண்டுவந்தது என்பது எல்லோரும் அறிந்தது. பெரிய எஸ்டேட்டுகளை விடுங்கள். இந்த மலையிலேயே வாழும் மலையாளிப் பழங்குடிக் குடும்பம் ஒன்றிடம் ரெண்டு ஏக்கர் இருக்கிறது என்று வையுங்கள். விலையை நிர்ணயிப்பது நியூயார்க் முன்பேரச் சந்தை, வாங்குவது உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய பெரிய வியாபார நிறுவனங்கள். கார்த்திகையில் பழம் சிவக்கத் தொடங்கும். பறித்து, உலர்த்தி, தோலோடு காய்ந்த செர்ரியாக மூட்டை கட்டினால் மாதக்கணக்கில் வைத்திருக்கலாம். கிழங்குபோல அழுகாது. ஆனால் களம் வேண்டும், கிடங்கு வேண்டும், அதுவரை சாப்பிடப் பணம் வேண்டும். இல்லாதவர் பழமாகவே ஏஜெண்டுக்குப் போட்டுவிடுவார், பாதிப்பேருக்கு ஆடியிலேயே முன்பணம் வாங்கியாயிற்று.

இங்கே நான் எந்தப் பக்கமும் சாயாமல் ஒன்று சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கம் வரை காபி போர்டு என்ற அரசு அமைப்பிடம்தான் காபியைக் கொடுத்தாக வேண்டும் என்ற நிலை இருந்தது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி 1996இல் முழுதாக அவிழ்த்துவிட்டார்கள். போர்டு காலத்தில் பணம் தவணை தவணையாக, மாதக்கணக்கில் இழுத்து வரும். காக்கவைக்கும் அதிகாரம் அரசாங்கத்திடம் இருந்தாலும் அதே வலிதான். அதனால்தான் விற்கும் சுதந்திரத்தைக் கேட்டவர்களில் காபிக்காரர்களே முன்னால் நின்றார்கள். முதல் சில வருடங்கள் நன்றாகப் போனது. 2000ஐ ஒட்டி உலக விலை அதலபாதாளத்துக்குப் போனபோது தாங்கிப்பிடிக்க நடுவில் யாரும் இல்லை. 2024 கடைசியில் அராபிகா வகைக் காபியின் விலை 1977 சாதனையையும் தாண்டியது. அந்த லாபம் கிடைத்தது மூட்டையைப் பூட்டிவைத்திருந்தவர்களுக்கு. ஆடியில் விற்றவருக்கு டீக்கடையில் காபி விலை கூடியதுதான் தெரியும்.

மலைக்கு இன்னொரு வகைக் கொடுக்கல் வாங்கலும் இருந்தது. மேட்டூர் அணை 1934இல் முடிந்து மின்சாரம் கிடைத்ததால் அங்கே தொழில்கள் வந்தன. அலுமினியம் மின்சாரத்தைக் குடிக்கிற தொழில். 1960களில் மேட்டூரில் தொடங்கிய மால்கோ அலுமினிய ஆலைக்குச் சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் என்ற தாதுவை வெட்டினார்கள். தொண்ணூறுகளில் கம்பெனி வேறு பெரிய குழுமத்தின் கைக்குப் போனது, 2008 வாக்கில் அலுமினியம் எடுப்பது நின்றது. அத்தனை வருடம் எத்தனையோ குடும்பங்கள் அந்தச் சம்பளத்தில் வளர்ந்தன, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கணக்குக்காரனாக ஒன்று உறுத்துகிறது. தேய்மானம் என்று இயந்திரத்துக்கு வருடாவருடம் எழுதுகிறோம். மலை தேய்ந்ததை எந்தப் பேரேட்டிலும் எழுதப் பத்தி இல்லை. லாபம் சரியில்லை என்றால் மூலதனம் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடும். வெட்டிய குழியும் அதன் ஓரத்து ஊரும் அங்கேயேதான் இருக்க வேண்டும்.

ரோடு பற்றியும் கேட்டீர்கள். 2018இல் சென்னை–சேலம் எட்டுவழிச் சாலை அறிவிப்பு வந்தபோது 277 கிலோமீட்டர், 10,000 கோடி என்றார்கள். 2019 ஏப்ரல் 8இல் உயர்நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8இல் உச்சநீதிமன்றம், புதிதாக அறிவிக்கை வெளியிட்டுச் செய்யலாம் என்றது. அந்த ரோடு நல்லதா கெட்டதா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. நிலம் கையில் இருந்தவர்களால் அந்த ஒரு தடவை காத்திருக்க முடிந்தது. எதிர்ப்பக்கம்தான் அவசரப்பட்டது.

சேலம் உருக்காலையையும் இப்படித்தான் பார்க்கிறேன். 1970இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டியது. நிலம் கொடுத்தவர்கள் பொதுத்துறை என்று நம்பிக் கொடுத்தார்கள். தனியாருக்கு விற்க 2019இல் விருப்பம் கேட்டார்கள், தொழிலாளர்கள் விடாமல் போராடினார்கள், 2023 ஜனவரியில் மத்திய அரசு அந்த விற்பனையைக் கைவிட்டது. பொதுத்துறை என்றால் எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை, அங்கேயும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் உண்டு. ஆனால் கேள்வி கேட்க நாடாளுமன்றத்தில் ஒரு இடம் இருந்தது.

அந்த இடத்திலும் பணம் நுழைவது தனிக் கதை. கம்பெனிகள் கட்சிகளுக்குக் கொடுக்க, மூன்று வருடச் சராசரி லாபத்தில் 7.5 சதவீதம் என்று முன்பு உச்சவரம்பு இருந்தது. 2017இல் அதை எடுத்துவிட்டு, கொடுத்தவர் பெயர் வெளியே தெரியாத தேர்தல் பத்திரத்தையும் கொண்டுவந்தார்கள். 2024 பிப்ரவரி 15இல் உச்சநீதிமன்றம் இரண்டையும் செல்லாது என்றது. நடுவே ஏழு வருடம் ஓடிவிட்டது.

தம்பி கேட்டதின் மையம் வேலை. கேம்பஸ் இன்டர்வியூ வரும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், போங்கள். கடிதம் வந்ததும் ஒன்றை மட்டும் பாருங்கள்: கேட்டில் பலகையில் இருக்கும் பெயரும் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட நிறுவனத்தின் பெயரும் ஒன்றுதானா? வேறாக இருந்தால் நீங்கள் ஒப்பந்தக்காரரின் ஆள். ஒப்பந்தக்காரர் சம்பளம் தராவிட்டால் ஆலையே தர வேண்டும் என்பது 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் இருந்தே உள்ள பாதுகாப்பு. ஆனால் கேட்க உங்கள் கையில் காகிதம் வேண்டும். அன்றைக்கே ஒப்பந்தக்காரரின் பி.எஃப். கோட் எண்ணை வாங்கி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். சம்பளத்தில் பிடித்த பணம் அதில் ஏறவில்லை என்றால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் என் ஆபீசுக்கு வாருங்கள், மனு எழுதித் தருகிறேன்.